ஊழியத்தில் என் பங்கு எது?

(சேகர இளைஞர் கூடுகையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘ஊழியத்தில் கடவுள் எனக்கென்று வைத்திருக்கும் பங்கை அறிவது எப்படி?’ என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகாமிலும், ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கடைசி நாள் ஜெபம் முடிந்து பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை வந்து தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இதுதான். “ஐயா, என்னைக் குறித்து தேவசித்தம் என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” கேட்கிற பிள்ளை உண்மையாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. கடவுள் என் பெயரை எழுதி ஒரு தாளை மடித்து எங்கோ வைத்திருக்கிறார், உபவாசமிருந்து தேடினால் அது கையில் கிடைக்கும், கிடைத்த பிறகு நான் வேலையைத் தொடங்கலாம் என்ற எண்ணம். வேதாகமத்திலும் சரி, நம் சபையின் சரித்திரத்திலும் சரி, பெரும்பாலானவர்களுக்கு அது அப்படி நடக்கவில்லை. வேலையைத் தொடங்கினார்கள், வேலையின் நடுவில் பங்கு தெரிந்தது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சிகள்.

மோசேயின் எரிகிற முட்செடி என்ன ஆயிற்று, தமஸ்கு சாலையில் சவுலுக்கு நேர்ந்தது என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நேர்ந்தது உண்மைதான். ஆனால் மோசே அப்போது மாமனாருடைய ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தான். சவுலோ ஊழியம் தேடிப் போகவில்லை. விசுவாசிகளைக் கட்டி இழுத்துவரப் போனான். குரல் கேட்பதற்காகக் காத்து உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல இருவரும். அதிலும் சவுல் தமஸ்குவுக்குப் பிறகு எத்தனையோ காலம் தர்சு பட்டணத்தில் யாருடைய நினைவிலும் இல்லாமல் இருந்தான். பர்னபா போய்த் தேடி அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தான். அதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தில் வாசிக்கிறோம், உடனே மறந்துவிடுகிறோம். பர்னபா அந்தப் பயணம் போகாமல் இருந்திருந்தால் பவுலின் நிருபங்கள் நம் கையில் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு கோணலைச் சரிசெய்ய வேண்டும். நம் சபைகளில் ‘ஊழியம்’ என்றால் மைக் என்று ஆகிவிட்டது. மைக் பிடித்துப் பிரசங்கிக்கிறவர், மைக் பிடித்துப் பாடுகிறவர், மைக் பிடித்து ஜெபிக்கிறவர், இந்த மூவரும்தான் ஊழியர்கள். மற்றவர்கள் காணிக்கை போடுகிறவர்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் பங்கைத் தேடும்போது பேசத் தெரியுமா, பாட வருமா என்று மட்டும் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் வராத பிள்ளை, “எனக்கு வரம் இல்லை” என்று முடிவுகட்டிவிடுகிறது.

தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதல் சொல்வது யாரைப் பற்றி? தீர்க்கதரிசியைப் பற்றி இல்லை, ஆசாரியனைப் பற்றியும் இல்லை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்துப் பெசலெயேலைப் பற்றி. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்த ஆசாரி அவன். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய அவனுக்கு ஆவியின் நிறைவு வேண்டியிருந்தது. உளியும் இழைப்புளியும் பிடித்த கைதான் அந்தப் பட்டியலில் முதலில் வருகிறது. யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளை. அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தெர்தியு என்று ஒருவன் நடுவில் நுழைந்து ஒரே வசனத்தில் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறான். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவன் அவன்தான்.

தெர்தியுவைப் போன்றவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது 1715இல். சீகன்பால்கு பெயர் எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். ஆனால் அவர் மொழிபெயர்த்ததை அச்சிடச் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்துக் கொடுத்த அட்லரை எத்தனை பேர் நினைக்கிறோம்? காகிதம் போதாமல் பொறையாறில் காகித ஆலை வைத்தார்களே, அதில் கூழ் கரைத்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் புத்தகமும் இல்லை.

இனி, நம் வெள்ளாளன்விளைக்கு வருவோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் அங்கே பிறந்தார். தகப்பனார் அந்தச் சபையின் குருவானவர். கிராமத்துக் குருமனையில் வளர்ந்த பிள்ளை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். வாலிபர் கூட்டங்களை ஒழுங்குசெய்வது, ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, இவைதான் அவர் வேலை. நன்றாகச் செய்தார். அதோடு அவருடைய பங்கு முடிந்தது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நல்ல நிர்வாகி, நல்ல பேச்சாளர், அவ்வளவுதானே.

1902இல் அவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனாலும் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டி நம் கரையில் ஊழியரை வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அசரியாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. திருநெல்வேலியில் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய சபை. பள்ளிக்கூடம், கோபுரம், அசனம், எல்லாம் உண்டு. வெளியே அனுப்பிய ஊழியர் எத்தனை பேர்? மிஷனெரி என்றால் வெள்ளைக்காரன், அவன் நம்மிடம் வருவான் என்பதுதான் அன்றைய நினைப்பு. ஊர் திரும்பியதும் அவர் சும்மா இருக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம். அடுத்த ஆண்டே நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர் போனார்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது அதன் முன்னணியிலும் அவர் நின்றார்.

கவனியுங்கள், இதுவரை அவர் மற்றவர்களை அனுப்புகிறவர். அனுப்புவதும் ஊழியம்தான், குறைவானது இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போய், “நீ போ, நீ போ” என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதருக்கு ஒரு கட்டத்தில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1909இல் குருப்பட்டம் பெற்று, அகில இந்திய அளவில் இருந்த வேலையை விட்டுவிட்டு, அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார். அப்போது வயது முப்பத்தைந்து. மொழி தெரியாது, தெலுங்கை முதலிலிருந்து கற்றார். சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு, பழக்கம் வேறு. படித்தவர்கள் கூடும் சபை மண்டபங்களில் பேசியவர், மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் சேரிகளில் உட்கார்ந்து பேசக் கற்றார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். அந்த நியமனத்தை வெள்ளைக்கார மிஷனெரிகளில் பலரும் எதிர்த்தார்கள், நம்மவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை இனிப்பாகிவிடும். பங்கு தெளிவாகிவிட்டால் பாதையும் தெளிவாகிவிடும் என்று எண்ணாதீர்கள்.

நான் அசரியாவை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோர்ணக்கல்லில் அவர் செய்த ஒரு காரியம். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் கருத்தைத் தங்கள் வாயால் சொல்லும்படி செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரனும் அவன் மனைவியும் சொன்னார்கள். குருப்பட்டம் கொடுக்கும்போது பேராயர் தலைமேல் கை வைப்பார். இங்கே ஒவ்வொரு விசுவாசியும் தன் தலைமேல் தானே கை வைத்தான். உனக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. உண்டு. ஞானஸ்நானத்தன்றே உண்டு. எந்தப் பங்கு என்பதுதான் மீதி. அந்த ஜனங்களிலிருந்தே நூற்றுக்கு மேற்பட்ட குருமார் எழும்பினார்கள். 1945 ஜனவரி முதல் நாள் அவர் இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய அந்தச் சபையில் அந்த மண்ணின் பிள்ளைகளே இருந்தார்கள்.

அப்படியானால் எந்தப் பங்கு என்று எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் அசரியாவுக்கு நடந்ததைத் திரும்பப் பாருங்கள். அவர் தனக்குள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வெளியே ஒன்றைப் பார்த்தார். பார்த்தது அவரை விடவில்லை. நம் சபை வழக்கில் ‘பாரம்’ என்று சொல்வோமே, அது இதுதான். பாரம் என்பதைக் கண்ணீரோடு ஜெபிப்பதாக மட்டும் ஆக்கிவிட்டோம். நெகேமியா எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்று கேட்டு அழுதான், உபவாசம் பண்ணினான், சரி. அதன் பிறகு ராஜாவிடம் போய் எவ்வளவு மரம் வேண்டும், எந்த அதிகாரிக்குக் கடிதம் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கணக்கோடு கேட்டான். அழுதவனே கணக்கும் போட்டான்.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலம் முதல் மிஷனெரிக் குடும்பம். அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்த பெண். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவர், திரும்பிப் போய்விடும் எண்ணத்தில்தான் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த மனைவிமாருக்காக அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய தகப்பனார் மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

அதிகம் பேசப்படாத இன்னொருவர் இருக்கிறார், நம் நெய்யூர்க்காரர் என்றே சொல்லலாம். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். மலையேறுவதில் வெறி. 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டார்கள். ஏறப் போன துரைமார் தப்பித்தார்கள், மூட்டை தூக்கியவர்கள் செத்தார்கள். அது சாமர்வெல்லை மிகவும் வாட்டியது. அதன் பிறகு கையில் இருந்த கொஞ்சப் பணத்தோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், திருவிதாங்கூரின் தென்கோடியில் நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாசலில் நின்ற நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். தேவையான அறுவை சிகிச்சை அத்தனையும் செய்ய அங்கே ஒரே ஒரு மருத்துவர், அவரும் களைத்துப்போயிருந்தார்.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சாமர்வெல்லுக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்தார். திருவிதாங்கூர் ஏழைகளை வாட்டிய வயிற்றுப் புண்ணுக்கு அறுவை செய்வதில் பேர்பெற்றவரானார். 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வந்தவன் தனக்குப் பிடித்ததை எல்லாம் துறந்துவிட வேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும். மலையேறிவிட்டு நெய்யூருக்குத் திரும்பினார். அவருக்குக் கனவும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. அவர் பார்த்தது ஒரு வரிசை. அந்த வரிசைக்கு வேண்டியது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். உலகத்தில் தேவைக்கா பஞ்சம்? பார்க்கிற தேவை எல்லாம் என் பங்கா? இல்லை. அப்படி எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு வருஷத்தில் உடைந்துபோனதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போஸ்தலர்களே எருசலேமில் பந்தி விசாரிப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். விதவைகளுக்குச் சாப்பாடு முக்கியமில்லை என்பதால் அல்ல. மிக முக்கியம் என்பதால், அதற்கென்றே ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். அப்படித் தெரிந்தெடுத்தவர்கள் யார்? சபையார். எனக்குத் தகுதி உண்டு என்று அந்த எழுவரில் யாரும் கை தூக்கவில்லை. அந்தியோகியாவிலும் அதேதான். பர்னபாவும் சவுலும் சபையோடு சேர்ந்து ஆராதனையில் இருந்தபோது ஆவியானவர் பேசினார். சபை கை வைத்து அனுப்பியது.

1970களில் அமெரிக்கச் சபைகளில் வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள்கள் கிளம்பின. இன்று நம் முகாம்களிலும் தமிழில் கொடுக்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும், எதில் களைப்பு வராது என்று நூறு கேள்விகள், மதிப்பெண் கூட்டினால் உன் வரம் வந்துவிடும். தீமை ஒன்றும் இல்லை, பொழுதும் போகும். ஆனால் அந்தத் தாள் நாம் நம்மைப் பற்றி ஏற்கெனவே நினைத்திருப்பதை நமக்கே திருப்பிச் சொல்லும். நாம் ஒருபோதும் செய்து பார்க்காத வேலையில் நமக்கு வரம் உண்டா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்த பிறகு, அந்தப் பாடசாலைக் கண்காணிப்பாளர் அக்காவைக் கேளுங்கள். அவர் முகத்திலேயே பதில் இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. “எனக்குத் தரிசனம் கிடைத்தது, நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை” என்று கிளம்புகிறவர்கள் நம் நடுவில் பெருகிவிட்டார்கள். பெயர்ப்பலகை முதலில் வருகிறது, வங்கிக் கணக்கு இரண்டாவது, ஊழியம் அதற்குப் பின்னால். சபை அறியாத, சபை சோதிக்காத, சபை வரவு செலவு பார்க்காத அழைப்பை நான் நம்புவதில்லை. பவுலே எருசலேமுக்குப் போய் மூத்தவர்களிடம் தன் சுவிசேஷத்தை விவரித்துக் காட்டினான் என்றால், நமக்கு என்ன வந்தது?

அதேசமயம் சபையின் கண்ணும் எப்போதும் நேராக இருந்ததில்லை. பிள்ளையின் வரத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் எந்தத் தெரு, எந்த சாதி என்று பார்த்த சபைகள் நம்முடையவை. இன்றும் கமிட்டித் தேர்தலில் அது எப்படி வேலை செய்கிறது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்கள் விஷயமும் அப்படித்தான். பிரிஸ்கில்லாள் அப்பொல்லோவுக்கு உபதேசம் பண்ணினாள், பெபேயாள் ரோமருக்கு எழுதின நிருபத்தோடு அந்தச் சபைக்குப் போனாள். ஆனால் தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடைக்க 1976 வரை ஆயிற்று. முதல் பெண் பேராயர் வர 2013 வரை. இந்த நடுவில் எத்தனை பெண்களின் பங்கு அடுக்களையோடும் பாய் விரிப்பதோடும் முடிந்துபோயிற்று! சபைதான் சோதிக்க வேண்டும் என்று சொல்கிற நான், சபையும் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லாமல் இருக்க முடியாது.

கடைசியாக, கதவு அடைபட்டவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க விரும்புகிறேன். உங்களில் சிலர் வேதாகமக் கல்லூரிக்கு மனுப்போட்டு இடம் கிடைக்காதவர்கள். சிலர் உடம்பு முடியாதவர்கள். சிலருக்கு வீட்டுப் பொறுப்பு.

டோனாவூர் நமக்குப் பக்கத்து ஊர். எமி கார்மைக்கேல் அம்மாள் அங்கே வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை ஒத்துவராது என்று மருத்துவர் மறுத்தார். ஜப்பானுக்குப் போனார், ஒன்றே கால் வருஷத்தில் நோயோடு கிளம்ப வேண்டியதாயிற்று. 1895இல் பெங்களூர் வந்தார், பிறகு நம் ஜில்லா. இங்கே அவர் செய்தது கிராம ஊழியம். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வது. இதுதான் என் பங்கு என்று நிச்சயமாக இருந்தார். 1901 மார்ச் மாதம், கோயிலுக்கு ஒப்புக்கொடுக்க வைத்திருந்த வீட்டிலிருந்து ஓடிவந்த ஒரு சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். ஒரு பிள்ளை வந்தது, பிறகு இன்னும் பிள்ளைகள், பிறகு கைக்குழந்தைகள். மாட்டுவண்டிப் பயணம் நின்றது. பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும் இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடப்பதும்தான் வேலை என்று ஆயிற்று. இதெல்லாம் சுவிசேஷ ஊழியமா, ஆயா வேலைதானே என்று கேட்டவர்கள் உண்டு. அம்மாளுக்கும் அந்தக் கேள்வி வந்தது. சீஷர்களின் கால்களைக் கழுவ ஆண்டவர் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டதை நினைத்து அதற்கு விடை கண்டார்.

அந்த வேலையில் அவருக்குத் தோள்கொடுத்தவர் பொன்னம்மாள். மாட்டுவண்டிக் குழுவில் இருந்த விதவைப் பெண். குழந்தைகளுக்கு வைத்தியம் பக்கத்தில் வேண்டுமென்று நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் வைத்தபோது, அதன் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். பாலுக்கு அளவு, நோய்க்குப் பராமரிப்பு, உதவிக்கு வந்த பெண்களுக்குப் பயிற்சி, எல்லாம் அவர். 1915இல் புற்றுநோயில் இறந்தார். எமி அம்மாளைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். பொன்னம்மாளைப் பற்றி ஒன்றாவது கேட்டதுண்டா?

1931இல் எமி அம்மாள் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பின் இருபது வருஷம், 1951இல் இறக்கும் வரை, பெரும்பாலும் படுக்கையறையில்தான். அந்த அறையிலிருந்து புத்தகங்களாக எழுதினார். ஒரே ஆளுக்கு எத்தனை பங்கு மாறியது பாருங்கள். மாட்டுவண்டிச் சுவிசேஷகி, தாய், எழுத்தாளர். முந்தியது தவறு என்பதால் பிந்தியது வரவில்லை.

பால் பிராண்டைப் பற்றியும் இதே இடத்தில் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். மருத்துவமே வேண்டாம் என்று லண்டனில் சில வருஷம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிறகு மனம் மாறி மருத்துவரானார். தச்சு கற்ற வருஷங்கள் வீண் என்றுதானே நினைப்போம்? 1946இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். தசைநாணை மாற்றிப் பொருத்தி அந்த விரல்களை மறுபடி நிமிரச் செய்தார். கை நிமிர்ந்தும் அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அப்போது நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு இல்லத்தில் அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். உணர்ச்சியற்ற விரலால் உளியை எப்படிப் பிடித்தால் காயப்படாது என்று சொல்லித்தர, அறுவையும் தச்சும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி என்ன ஊழியம் என்று இருந்தவரிடம், உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்றார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். முதுகுத்தண்டு உடைந்து வந்த நோயாளியிடம் அவர் பேசியதை, எழுந்து நடக்கிற எந்த மருத்துவராலும் பேசியிருக்க முடியாது. கடவுள்தான் விபத்தைக் கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி ஆறுதல்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. விபத்துக்குப் பிறகும் அவருக்குப் பங்கு இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

சரி, நம் சேகரத்துக்கு வருவோம். குருவானவரிடம் நேற்று இரவு கேட்டேன், என்னென்ன வேலைக்கு ஆள் இல்லை என்று. வீட்டோடு முடங்கிக் கிடக்கிற முதியவர்களைப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. அவர்களில் சிலருக்கு வேதம் வாசித்துக்காட்டினால் போதும், சிலருக்கு மாத்திரை வாங்கிக்கொடுத்தால் போதும். ஓய்வுநாள் பாடசாலையில் இரண்டு வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை. சபைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தர ஒருவர் வேண்டும். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்க யாராவது வேண்டும். அதில் பாதிப் பேர் நம் சபைப் பிள்ளைகள் இல்லை, அதனால் என்ன? ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும்.

இவற்றில் எது உங்கள் வாழ்நாள் பங்கு என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது தெரிய வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றுக்கு ஒரு வருஷம் கொடுங்கள். அந்த வருஷத்தின் கடைசியில், உங்களோடு வேலைசெய்த இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, “நான் இதைத் தொடரட்டுமா, வேறு எதற்காவது போகட்டுமா?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஜெபத்தில் வையுங்கள். குருவானவர் கதவுப்பக்கம் ஒரு நோட்டோடு நிற்கிறார். வெளியே போகும்போது உங்கள் பெயரையும் போன் நம்பரையும், எந்த வேலை என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.